பெயருக்கு நடுவே இரண்டெழுத்து

போன மாதம் பட்டர்வொர்த்தில் இளைஞர்களுக்காக ஒரு வேலை வழிகாட்டிக் கூட்டம் நடந்தது. ஊராட்சி அலுவலகங்களின் வருவாய், நிதிப் பிரிவுகளில் சேர்வது எப்படி என்பதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி திரையில் படம் போட்டுக் காட்டினார். கணக்கியல் பட்டம், டிப்ளோமா, இணையத்தில் விண்ணப்பம், இணையத்திலேயே தேர்வு, பிறகு நேர்காணல். நன்றாகத்தான் பேசினார். என் முறை வந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

“ஆண்ட்டி, உங்க காலத்துல ரெவின்யூக்கு என்ன குவாலிபிகேஷன் கேட்டாங்க?”

“கையெழுத்து,” என்றேன்.

மண்டபமே சிரித்தது. நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அதை விளக்கி முடிப்பதற்குள் எனக்குக் கொடுத்த பத்து நிமிடம் தீர்ந்துவிட்டது. ஒரு பழக்கூடையைக் கையில் கொடுத்து, கைதட்டி, அனுப்பிவைத்துவிட்டார்கள். அங்கே வாயோடு நின்றுபோனதை இங்கே எழுதுகிறேன். நான் வேலை செய்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பட்டர்வொர்த்துக்கு எதிர்க்கரைத் தீவில் இருந்தது, வீட்டுவரி வாங்கியது, அவ்வளவு போதும். தவறு என்னுடையது. அதற்கு அலுவலகம் ஏன் பேர் கெட வேண்டும்?

எழுபதுகளின் நடுப்பகுதி. ஐந்தாம் படிவம் முடித்திருந்தேன். மலாய்ப் பாடத்தில் கிரெடிட், அதாவது நல்ல தேர்ச்சி, இருந்தது. பட்டர்வொர்த்தில் ஒரு தையல்கடை மாடியில் டைப்ரைட்டிங் கற்றிருந்தேன். பாகான் டாலாமில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா ஆறுமுகத்துக்கு மாக் மண்டினில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை. பெண்கள் மூவர், நான் மூத்தவள். பட்டறைக் கூட்டாளி யாராவது, “மூணும் பொண்ணாப் போச்சேண்ணே” என்று உச்சுக்கொட்டினால், “எண்ணத் தெரியுதுல்ல, அப்ப டீயக் குடி” என்பார் அப்பா. அதற்கு மேல் அந்தப் பேச்சை வளரவிட மாட்டார்.

அந்த அலுவலகத்துக்குள் நுழைய அப்போது மூன்று வழிகள் இருந்தன. பட்டம் படித்து அதிகாரியாக வரலாம். தேர்வு எழுதிக் கிளார்க்காக வரலாம். இரண்டுக்கும் வக்கில்லாதவர்கள் தினச்சம்பளத் தற்காலிக ஆளாக நுழைந்து, வேலையைக் காட்டி, இடம் காலியாகும்போது தேர்வு எழுதி உட்கார்ந்துகொள்ளலாம். நான் இந்தப் பின்வாசல்காரி. ‘கால்காசு உத்தியோகமானாலும் கவர்மெண்டு உத்தியோகம்’ என்பது அப்பாவின் கட்சி. பெண்களில் ஒருத்தியாவது பட்டறைப் புகை படாத இடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை.

நேர்காணலுக்கு அவரே பெர்ரியில், கடல் கடக்கும் படகில், கூட்டிக்கொண்டு வந்தார். உள்ளே ஓர் அதிகாரி ஒரு தாளில் பத்துப் பெயர்களைக் கொடுத்து, அழகாக எழுதச் சொன்னார். எழுதினேன். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “திங்கட்கிழமை வா, மூன்று மாதம்” என்றார். வெளியே வந்தபோது வாசல் காவலாளி என்னைப் பார்த்த உடனே, “நீங்கதான் ஆறுமுகம் மகளா?” என்றார். அப்பா எதிர்ப்பக்க மரத்தடியில் நின்றபடி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சாலையைக் கடந்து வந்து, “என் மக உள்ள இருக்கா” என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று மாதம் என்று போனவள் முப்பது வருடம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

வீட்டுவரிக்கு மலாயில் ‘வாசல் வரி’ என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை பில் போகும். ஜனங்கள் பில்லைத் தொலைத்துவிட்டு வெறும் பெயரோடு வந்து நிற்பார்கள். அதற்காகவே ஒரு மரப் பீரோ நிறைய அட்டைகள் இருந்தன. ஒரு வீட்டுக்கு ஓர் அட்டை. அதில் உரிமையாளர் பெயர், விலாசம், கணக்கு எண், கீழ்மூலையில் அட்டையை எழுதிய கிளார்க்கின் சுருக்கொப்பம். நான் சேர்ந்த நேரம், ஆங்கிலத்தில் இருந்த அட்டைகளை எல்லாம் மலாய்க்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். சீனர் பெயரை அப்படியே விடு. மலாய்க்காரர் பெயரில் மகன் என்று பொருள்படும் ‘பின்’ ஏற்கெனவே இருக்கும், தொடாதே. இந்தியர் பெயரில் மட்டும் நடுவே ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ சேர். இதுதான் உத்தரவு. ஏ/எல் என்றால் அனாக் லெலாக்கி, மகன். ஏ/பி என்றால் அனாக் பெரெம்புவான், மகள். முன்னால் ஆளின் பெயர், பின்னால் அப்பன் பெயர்.

“நீ தமிழ்ப் பெண், உனக்குத் தெரியும்” என்று தமிழ்ப் பெயர் இழுப்பறைகள் மொத்தத்தையும் என் மேசையில் இறக்கினார்கள். எனக்குத் தெரியும் என்று நானும் நம்பினேன். ஒரு சீனப் பெண்ணிடமோ மலாய்ப் பெண்ணிடமோ கொடுத்திருந்தால், சந்தேகம் வந்து யாரையாவது கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. தமிழச்சிக்குத் தமிழ்ப் பெயரில் என்ன சந்தேகம்? இரண்டு பெயர் சேர்ந்தாற்போல் இருந்தால், நடுவில் ஏ/எல் போட்டு அடுத்த அட்டைக்குப் போனேன். ஒரு நாளைக்கு நூறு அட்டைகூட எழுதியிருக்கிறேன்.

எங்கள் தலைமைக் கிளார்க் புவான் ரொக்கியா, அதாவது திருமதி ரொக்கியா. நாற்பது வயதைத் தாண்டிய மலாய் அம்மாள். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. அட்டையில் தவறு கண்டுபிடித்தால் எழுந்து வருவார். நம் மேசையில் அந்த அட்டையைக் கவிழ்த்து வைப்பார். கூந்தல் மறைப்புத் துணிக்குள் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து அதன் மேல் குறுக்காகப் படுக்க வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விடுவார். பென்சிலைத் திருப்பிக் கொடுக்க நாம்தான் அவர் மேசைக்குப் போக வேண்டும். போனால், “பாச்சா” என்பார். படி என்று பொருள். எது தவறு என்று சொல்ல மாட்டார். வாய்விட்டுப் படிக்க வேண்டும். நம் காதில் தவறு விழும்வரை, “பாச்சா லாகி”, இன்னும் ஒரு தடவை. பக்கத்து மேசைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். “இன்னிக்கு யாருக்குப் பென்சில் படுத்துச்சு?” என்பதுதான் எங்கள் மதியச் சாப்பாட்டு விசாரணை. முதல் வருடம் எனக்கு வாரத்துக்கு இரண்டு முறை படுத்தது. ஆனால் ஏ/எல் தவறு மட்டும் அவர் கண்ணிலும் படவில்லை. அவர் தமிழர் இல்லையே, எப்படிப் படும்?

தேர்வு எழுதினேன், நிரந்தரமானேன், கவுண்டருக்கு வந்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலை ஏழு மணிப் பெர்ரி, மாலை ஐந்தரைப் பெர்ரி. பணம் வாங்கு, முத்திரை குத்து, மீதியைக் கொடு. ஒன்றே ஒன்று நினைவிருக்கிறது. ஒவ்வொரு அரையாண்டும் ஜெலுத்தோங் பக்கமிருந்து ஒரு பில் வரும். பெயருக்கு மேலே மஞ்சளாக ஒரு கறை. தபால் வழியாகக் காசோலையோடு வரும், முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவோம், ஆளைப் பார்த்ததில்லை. “அந்த வீட்டுல பில்ல வச்சுத்தான் சாம்பார் தாளிப்பாங்க போல” என்று நான் கேலி செய்வேன். பக்கத்துக் கவுண்டர்ப் பெண் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, “மஞ்சத்தூள்தான் லா” என்பாள்.

இப்படியே பதினொரு வருடம் ஓடியது. சீனியர் கிளார்க் பதவி உயர்வுக்கு என் பெயர் போயிருந்தது. அடுத்த மாதம் நேர்காணல். அதில் என் குடும்பத்தின் ஒரு கனவு தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஓய்வு பெற்றிருந்தார். பட்டறைப் புகை நெஞ்சில் தங்கி, இருமிக்கொண்டே இருப்பார். அதே பலகை வீடு, அதே வாடகை. வீட்டுக்காரருக்குச் சுவரில் ஆணி அடித்தால் பிடிக்காது. சாமிப் படங்கள்கூட மேசை மேல் சாய்த்துதான் வைத்திருந்தோம். “சொந்தச் சொவத்துல ஒரே ஒரு ஆணி அடிச்சுப் பாக்கணும்டி” என்பார் அப்பா. சீனியர் சம்பளம் வந்தால் வங்கிக் கடன் கிடைக்கும், தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், சின்னதாக ஒரு வீடு வாங்கலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவரிடமும் சொல்லியிருந்தேன். சுத்தியலை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துவிட்டார் மனிதர்.

அப்போதுதான் அந்த அம்மாள் கவுண்டருக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளையில் சின்னப் பூப்போட்ட சேலை, கையில் ஒரு லாயரின் கடிதம்.

“பிள்ளை, என்ர பேர் பரமேஸ்வரி. என்ர மனுசன் நாகலிங்கம். அவருக்கு ஏலாது, படுக்கையில கிடக்கிறார். ஒரு மாசமோ ரெண்டு மாசமோ எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். வீட்டை என்ர பேருக்கு எழுதி வைக்கப் பாக்கிறார். லாயர் உங்கட ஒஃபீசில கேட்டு எடுத்த கடுதாசியில வீட்டுக்காரன் கந்தையா எண்டு கிடக்கு. வீட்டுப் பட்டாவில என்ர மனுசன்ர பேர். இப்பிடி ரெண்டு பேர் கிடந்தா எழுத ஏலாதாம்.”

“கந்தையா யாரும்மா?”

“என்ர மாமா. இவற்ற தேப்பன். அவர் செத்து நாப்பது வருஷமாச்சு.”

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். கந்தையா ஏ/எல் நாகலிங்கம். நாகலிங்கத்தின் மகன் கந்தையா.

“இவர் கந்தையா மகன் நாகலிங்கம்னா, பேரை நாகலிங்கம் கந்தையான்னுதானே எழுதியிருக்கணும்?”

“இல்லைப் பிள்ளை. நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள். தேப்பன்ர பேரைத்தான் முதல்ல எழுதுறது. கந்தையா நாகலிங்கம் எண்டா, கந்தையான்ர மகன் நாகலிங்கம்.”

அந்த அம்மாள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவரின் அண்ணன் மகன் ஒருவன் நோய் விசாரிக்க வருவதாக வந்து, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். எழுதி வைக்காமல் கணவர் கண்ணை மூடிவிட்டால் அவனும் பங்குக்கு வந்து நிற்பான். “இந்த வயசில நான் எங்க போவன் பிள்ளை?” என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று அவரை உட்கார வைத்துவிட்டுப் பீரோவுக்குப் போனேன்.

அட்டை கிடைத்தது. உருட்டி உருட்டி எழுதிய அழகான கையெழுத்து. நடுவே ஏ/எல். கீழ்மூலையில் எஸ்.ஏ. சரோஜா ஆறுமுகம். நான்தான். இழுப்பறையைத் துழாவினேன். இன்னொரு அட்டை. இன்னொன்று. பழைய அட்டையில் மகன் என்ற குறிப்பு இல்லாமல் இரண்டு பெயர் மட்டும் இருந்த இடமெல்லாம், நான் தகப்பனை மகனாக்கி, மகனைத் தகப்பனாக்கி வைத்திருந்தேன். நாற்பதுக்கு மேல் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஓரிருவர் வீடு விற்கும்போது இடித்திருக்கிறது. அவர்களே சத்தியக் கடிதம் கொடுத்துச் சரிசெய்துகொண்டு போயிருக்கிறார்கள். யாரும் மூலையில் இருந்த எஸ்.ஏ.யைப் பார்க்கவில்லை.

நடைமுறை எனக்குத் தெரியும். பெயர் திருத்த இரண்டு பாரங்கள், அதாவது விண்ணப்பத் தாள்கள், உண்டு. உரிமையாளர் தவறாகக் கொடுத்திருந்தார் என்றால் ஒரு பாரம். அவர் சத்தியக் கடிதம், பிறப்புச் சான்று, தகப்பனின் இறப்புச் சான்று எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கமிட்டிக்குப் போகும். மூன்று மாதம் ஆகும். அலுவலகத்தின் தவறு என்றால் இன்னொரு பாரம். ஒரே பக்கம். தலைமைக் கிளார்க் கையெழுத்துப் போட்டால் அந்த வாரமே முடிந்தது. ஆனால் தவறு செய்த கிளார்க்கின் பெயர் அதில் இருக்க வேண்டும். ஒரு நகல் அவர் கோப்புக்குப் போகும்.

மூன்று மாதம் அந்த மனிதருக்கு இல்லை. ஒரு மாதம் கழித்து எனக்கு நேர்காணல். பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் நான் உடனே நல்லவளாகிவிடவில்லை. “நாளைக்கு வாங்கம்மா” என்று அவரை அனுப்பிவிட்டேன். பெர்ரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, முதல் பாரத்தைக் கொடுத்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்றுகூட நினைத்தேன். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு தள்ளிப்போகும் என்பதையும் சொன்னேன். அவர் இருமி முடித்துவிட்டு, “வேற யாரு பேரையாவது போடப் போறியா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. என் பேருதான்.”

“அப்பச் சரி,” என்றார். படுக்கப் போகும்போது, “ஆணி எங்கயும் ஓடிப் போவாது” என்றும் சொன்னார்.

மறுநாள் காலையில் புவான் ரொக்கியாவின் மேசைக்குப் போனேன். அட்டையை அவர் முன்னால் கவிழ்த்து வைத்தேன். என் பென்சிலை எடுத்து அதன் மேல் படுக்க வைத்தேன். பதினொரு வருடத்தில் அவர் மேசையில் யாரும் பென்சிலைப் படுக்க வைத்ததில்லை. கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு அட்டையைத் திருப்பி என் பக்கம் நகர்த்தி, “பாச்சா, சாரோ” என்றார். எனக்கு அவர் வைத்த பெயர் அது.

படித்தேன். கந்தையா, அனாக் லெலாக்கி நாகலிங்கம். இரண்டாம் தடவை கேட்காமல் நானே சொன்னேன். “இது திரும்பிக் கிடக்கு புவான். அப்பாவை மகனாக்கிட்டேன். இது மாதிரி நாற்பதுக்கு மேல இருக்கு. எல்லாம் என் கையெழுத்து.”

அவர் இரண்டு பாரங்களும் இருக்கும் இழுப்பறையைத் திறந்தார். இரண்டாவதை எடுத்து வைத்தார். “உனக்கு அடுத்த மாதம் நேர்காணல்,” என்றார் மலாயில். தெரியும் என்றேன். “இதில் நான் கையெழுத்துப் போட்டால் பிறகு என்னால் எடுக்க முடியாது.” அதுவும் தெரியும் என்றேன். பேனாவை எடுத்தார். பாரத்தில் உரிமையாளர் ஒப்பம் ஒன்று தேவைப்பட்டது. அவரால் வர முடியாது, நீயே போய் வாங்கி வா என்று அரைநாள் அனுமதியும் எழுதிக் கொடுத்தார்.

ஜெலுத்தோங்கில் ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. திருமதி பரமேஸ்வரி கதவைத் திறந்தார். கூடத்தில் சன்னல் ஓரக் கட்டிலில் நாகலிங்கம் படுத்திருந்தார். எலும்பும் தோலும்தான். ஆனால் முகச்சவரம் செய்து, நெற்றியில் திருநீறு பூசி, சுத்தமாக இருந்தார். நான் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து, வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அங்கிள், உங்கள் பெயரைத் திருப்பி எழுதியவள் நான்தான், மன்னிக்க வேண்டும்.

அவர் சிரித்தார். அந்த உடம்புக்குள் அவ்வளவு சிரிப்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“பிழை எண்டு முதல் பில் வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும், பிள்ளை. நானும் முப்பது வருஷம் ரயில்வேயில கிளாக்கா இருந்தவன். கிளாக் விட்ட பிழை கிளாக்குக்குத் தெரியாதோ?”

“அப்ப ஏன் அங்கிள் சொல்லல?”

அவர் மனைவியைப் பார்த்தார். பரமேஸ்வரி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். உள்ளே பில்கள். வருடத்துக்கு இரண்டு, இருபத்திரண்டு பில்கள், வரிசை பிசகாமல். ஒவ்வொன்றிலும் எங்கள் முத்திரை. ஒவ்வொன்றிலும் கந்தையா என்ற பெயருக்கு மேலே மஞ்சளாக அந்தக் கறை. மூக்கருகே கொண்டுபோனேன். மஞ்சள்தூள் இல்லை, சந்தனம். சுவரில் கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு பெரியவரின் படம் மாட்டியிருந்தது. அதன் நெற்றியிலும் அதே பொட்டு.

“எங்கட ஐயா,” என்றார் நாகலிங்கம். அவர்கள் வழக்கில் அப்பாவை ஐயா என்பார்கள். “ஊரில இருந்து வந்து ஸ்டேஷன் ஸ்டேஷனா வேலை செய்தவர். எல்லாம் குவாட்டர்ஸ். ஒரு நாளும் சொந்த வீட்டில படுக்கேல்லை. அவர் செத்து ஒரு மாசம் முடியேல்லை, குவாட்டர்ஸை விடச் சொல்லிக் கடுதாசி வந்திட்டுது. அம்மா சட்டி பானையோட றோட்டில நிண்டவ. அந்த மனுசன்ர பேரில ஒரு வீட்டுக்கு வரி வருது. நான் போய் அதைப் பிழை எண்டு சொல்லவோ?”

சாம்பார் என்று கேலி செய்தது நினைவுக்கு வந்தது. தலையைக் குனிந்து பில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பில் வந்ததும் படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைத்து, ஒரு நாள் கழித்துத்தான் காசோலை எழுதுவாராம். இத்தனைக்கும் பெரிய சாமி பக்தர் இல்லையாம். அதைப் பரமேஸ்வரி சொன்னார்.

“என்ர விசர்த்தனத்தால இவள் றோட்டில நிக்கப் பாத்தாள்,” என்றார் அவர். “முந்தியே மாத்தியிருக்க வேணும். பதினொரு வருஷம் ஐயா வீட்டுக்காரனா இருந்திட்டார். காணும். இனி இவளுக்கு எழுதுங்கோ.” விசர் என்றால் பைத்தியம், காணும் என்றால் போதும். பாரத்தை அட்டையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். எழுத்துப் பிசகாமல் கையெழுத்துப் போட்டார்.

எழுந்தபோது, “பழைய கார்ட்டை என்ன செய்வியள்?” என்று கேட்டார்.

“மூலைக்கு மூலை சிவப்புக் கோடு போட்டு, ரத்துன்னு எழுதிக் கட்டி வச்சிடுவோம், அங்கிள்.”

“கோடு கீறேக்க, ஐயான்ர பேருக்கு மேலால கீறாதேங்கோ பிள்ளை.”

சரி என்று தலையாட்டிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. கோடு மூலைக்கு மூலை போக வேண்டும், பெயரை வெட்ட வேண்டும், விதி அப்படி. புவான் ரொக்கியா விதிக்கு உயிரைக் கொடுப்பவர். கோடு ஒரு மயிரிழை கோணலாகப் போனாலே பென்சில் படுக்கும். ஆனாலும் போய்ச் சொன்னேன். சந்தனப் பொட்டு, குவாட்டர்ஸ், பிஸ்கட் டின், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அட்டையை என் கையிலிருந்து வாங்கி, அடிக்கோலை எடுத்து, பெயருக்குக் கீழே, விலாசத்தையும் கணக்கு எண்ணையும் மட்டும் வெட்டுகிற மாதிரி, அவரே ஒரு சிவப்புக் கோடு போட்டார். பக்கத்தில் தன் முழுப்பெயரையும் எழுதினார். “யாராவது கேட்டால் என்னைக் கேட்கட்டும்,” என்றார். கேட்டவர் யாரும் இல்லை.

அந்த வாரமே பெயர் திருந்தியது. அடுத்த பத்து நாளில் வீடு பரமேஸ்வரியின் பெயருக்கு மாறியது. நாகலிங்கம் அதற்குப் பிறகு மூன்று வாரம் இருந்தார். அண்ணன் மகன் ஒரு லாயரோடு வந்து விசாரித்துவிட்டுப் போனதாகக் கேள்வி. அடுத்த அரையாண்டு பரமேஸ்வரி பில்லை எடுத்துக்கொண்டு நேரே கவுண்டருக்கு வந்தார். “வீடு இருக்குப் பிள்ளை,” என்றார். பணத்தைக் கட்டிவிட்டுப் போனார். மீதி நாற்பது சொச்சம் வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகக் கடிதம் எழுதி, சரிபார்த்து, நானே புதிய அட்டை எழுதினேன். காலைத் தேநீர் நேரத்தில் புவான் ரொக்கியா பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களை வாய்விட்டுப் படிப்பார். அவர் வாயில் யாழ்ப்பாணத்துப் பெயர்கள் படும் பாடு இருக்கிறதே, அதற்காகவே இன்னும் நூறு தவறு செய்திருக்கலாம் என்று தோன்றும்.

நேர்காணலில் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள், அந்த அட்டைகளைப் பற்றி. கோப்பு திறந்தே இருந்தது. பதவி உயர்வு அந்த முறை வரவில்லை, அடுத்த முறையும் வரவில்லை. அது வருவதற்குள் அப்பா போய்விட்டார். அதே பலகை வீட்டில், படம் மாட்டாத சுவருக்கு எதிரே. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். இன்றைக்கும் இருக்கிறது. அந்த இரண்டு பாரங்களையும் மறுபடி நீட்டினால் மறுபடியும் இரண்டாவதைத்தான் எடுப்பேன். அந்த வருத்தமும் கூடவே வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தாமானில் வீடு வாங்கினேன். குடிபோன அன்று முதல் வேலையாக அப்பாவின் சுத்தியலை எடுத்துக் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்து, அவர் படத்தை மாட்டினேன். தங்கைகள் இருவரும் ஒரே அழுகை. நான் ஆணி நேராக இறங்கியதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில மாதத்தில் வீட்டுவரி பில் வந்தது. எங்கள் கரைக்கு வேறு அலுவலகம். கம்ப்யூட்டரில் அச்சடித்த பில். பெயரைப் பார்த்தேன். சரோஜா ஏ/எல் ஆறுமுகம்.

முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். செய்த வினை விடுமா? தங்கை, “விடுக்கா, அப்பாவுக்கு ஒரு மவன் கெடச்சான்னு வச்சுக்க” என்றாள். நாகலிங்கத்தை நினைத்துக்கொண்டேன். அவர் போல நானும் இந்தத் தவறை வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். படத்தைப் பார்த்தேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண். பில்லைப் பார்த்துவிட்டு, “ஒரு எழுத்துதானே ஆண்ட்டி? அக்கவுண்ட் நம்பர் கரெக்ட்டா இருக்கு. காசு கட்டினா ஏறிடும், பரவால்ல லா” என்றாள்.

நான் பில்லைக் கவிழ்த்து வைத்து, கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அதன் மேல் படுக்க வைத்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம், எப்படிப் புரியும்? திருப்பி, வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். “சரோஜா அனாக் லெலாக்கி…” என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“எங்கப்பாவுக்கு மகன் இல்லம்மா,” என்றேன். “அவருக்கு மூணு மக. மகன் வேணும்னு யார்கிட்டயும் அவரு கேக்கல. மகன்னே எழுதிக்குடு.” சொல்லும்போது மரத்தடியிலிருந்து சாலையைக் கடந்து கடந்து வந்தவரின் குரல்தான் எனக்குக் கேட்டது. கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய், “இருங்க ஆண்ட்டி, இப்பவே மாத்துறேன்” என்று திரையின் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் கையை நிறுத்தி, “மகன்னா, மகள் தானே ஆண்ட்டி?” என்று கேட்டாள். பேச்சில் ‘மக’ என்பதோடு ‘ன்னு’ சேர்ந்தால், கேட்பவர் காதில் ‘மகன்’ என்றும் விழலாம். கேட்டாளே, அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

“மகள்,” என்று ள-வை அழுத்திச் சொன்னேன். “ஏ/பி.”

அடுத்த அரையாண்டு பில் சரியாக வந்தது. சரோஜா ஏ/பி ஆறுமுகம். ஒரு நாள் அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்திருந்துவிட்டு, மறுநாள் பணம் கட்டப் போனேன். அதே பெண் பில்லை வாங்கி, பெயருக்கு மேலே மஞ்சளாக இருந்ததை நகத்தால் மெல்லச் சுரண்டினாள்.

“என்ன ஆண்ட்டி, இதுல சாம்பார் கொட்டிடுச்சா?”

“ஆமாம்மா,” என்றேன்.